உங்க அப்பா அந்த ஃபார்ம கிழிக்கல

மக்களே, நம்ம படம் நம்ம ஊருக்கே வருது, வர்ற ஞாயித்துக்கிழமை காலைல பத்தரைக்கு, தாம்பரத்துல, பெரிய ஸ்கிரீன்ல, டைரக்டரே நேர்ல வர்றாரு, சீட்டு ஃப்ரீ, முந்தி வர்றவங்களுக்கு முன் சீட்டு.

இந்த ஒரு லைன மட்டும் அட்மினா போட்டுட்டேன். மூணு நாளா டிராஃப்ட்ல கெடந்துச்சு. இதுக்குக் கீழ எழுதறது அட்மின் இல்ல. ‘அஞ்சரைக் கட்டை’ படத்துக்கு ஃபேன் பேஜ் நடத்தற அட்மின் ப்ரோ யாரோ சேலையூர் பக்கம் காலேஜ் படிக்கற பையன்னு நெனச்சுட்டு, ‘மச்சான் எடிட்டு வேற லெவல்’னு கமெண்ட் போடறீங்களே, அந்த மச்சான் நான்தான். எனக்கு நாப்பத்தி நாலு வயசு. சிட்லபாக்கம். டைரக்டரோட அம்மா. கொஞ்சம் பொறுத்துக்கங்க, இப்ப நான் என் பையன் கிட்ட பேசணும். நீங்களும் படிங்க. உங்க கிட்டயும் நான் பொய் சொல்லியிருக்கேன்.

தம்பி, போன செவ்வாக்கிழமை மத்தியானம் நீ அட்மினுக்கு மெசேஜ் போட்டப்ப நான் கத்திரிக்கா நறுக்கிட்டு இருந்தேன். ‘ப்ரோ, ஒரு சர்ப்ரைஸ் பிளான் பண்றேன். ஷோ முடிஞ்சதும் எங்க அம்மாவ மேடைக்குக் கூப்பிடப் போறேன், அவங்களுக்குத் தெரியாது. பதினேழு வருஷமா வாய மூடி வெச்சவங்கள பாட வெக்கணும். நம்ம பசங்கள முன்னாடி ரெண்டு வரிசைல உக்கார வெச்சுடுங்க’ன்னு போட்டிருந்த. நான் கைய முந்தானைல தொடச்சுட்டு, ‘அப்பா வர்றாரா ப்ரோ’ன்னு கேட்டேன். நீ உடனே டைப் பண்ண. ‘அவர நான் கூப்பிடல ப்ரோ. அவரு உள்ள வந்தா நான் மேடை ஏற மாட்டேன். அவரு எங்க அம்மாவுக்குப் பண்ணதுக்கு நான் இது கூடப் பண்ணலன்னா எப்படி.’ அதுக்கு நான் என்ன பதில் போட்டேன்னு உனக்கே தெரியும். ‘செஞ்சுடலாம் ப்ரோ’, பக்கத்துல ரெண்டு நெருப்பு எமோஜி. போட்டுட்டு ஃபோன கவுத்து வெச்சுட்டு உக்காந்துட்டேன். கத்திரிக்கா தட்டுலயே கறுத்துப் போச்சு.

அம்மா கிட்ட சொல்லாதத முகம் தெரியாத ஒரு ப்ரோ கிட்ட சொல்றியேன்னு எனக்கு கோவம் வரணும். வரல. நானும் அதத்தான பண்ணிட்டு இருக்கேன். உன் ட்ரெய்லர் வந்த அன்னைக்கு ராத்திரி வரைக்கும் அத பாத்தவங்க மொத்தம் எங்க தெரு அசோசியேஷன் வாட்ஸப் குரூப்புல இருக்கறவங்கதான். அதுல பாதிப் பேரு ட்ரெய்லர பாக்காமலே கும்பிடு போட்டாங்க. எனக்கு அந்த நம்பர பாக்க முடியல. லாக்டவுன்ல நீ ரூம்ல கதவ சாத்திட்டு படம் பாத்துட்டு இருந்தப்ப, நான் அடுக்களைல உக்காந்து வீடியோ பாத்துப் பாத்தே எடிட்டிங் கத்துக்கிட்டேன், உனக்குத் தெரியாது. மொதல்ல கோலம் வீடியோ, அப்புறம் பாட்டுக்கு கட் பண்றது, அப்புறம் பீட்டுக்கு பீட்டு எஃபெக்ட்டு. ஆனா அம்மா வந்து ‘என் பையன் படம் சூப்பர்’னு சொன்னா எவன் நம்புவான்? அதனால பையன் ஆயிட்டேன். ‘மக்களே’ன்னு ஆரம்பிச்சேன். உண்மையச் சொன்னா தம்பி, பேஜ் நடத்துன இந்த ஆறு மாசம் நான் ரொம்ப சந்தோஷமா இருந்தேன். உன் படத்துல ஒரு ஃபிரேம் விடாம எனக்கு மனப்பாடம். ஹீரோயின் தாம்பரம் பிளாட்பாரத்துல நின்னுட்டு போற ட்ரெயின் சத்தத்துக்கு ஸ்ருதி சேத்து முணுமுணுக்கற ஷாட்ட மட்டும் நான் பதினாலு விதமா கட் பண்ணிப் போட்டிருக்கேன். அம்மாங்கறதுக்காக இல்ல, எனக்கு அந்த ஷாட்டு அவ்வளவு பிடிக்கும். நான் உன் ஃபேன்.

பிரச்சன அந்த ஃபார்ம் சீன். எல்லாரும் கொண்டாடற சீன். டிவி பாட்டுப் போட்டில செலக்ட் ஆன பொண்டாட்டி, கெளம்பி நிக்கறா. புருஷன் அந்த ஃபார்ம வாங்கிப் பொறுமையா நாலா கிழிச்சு அவ கையிலயே குடுத்துட்டு, ‘சாதம் வெச்சுட்டியா’ன்னு கேக்கறான். அந்த சீன் தனி கிளிப்பா வெளிய வந்ததும் பேஜ்ல என்ன வெறி. ஒருத்தரு, ‘இன்னா ப்ரோ அந்தாளு, பாத்தா ரெண்டு உடணும் போல கீது’ன்னு போட்டாரு. நான் அத பின் பண்ணேன். என் வீட்டு ஹால்ல உக்காந்து, அந்தப் பக்கம் உங்க அப்பா வேர்க்கடல உரிச்சுட்டு இருக்க, நான் அத எல்லாருக்கும் மொதல்ல தெரியற மாதிரி மேல பின் பண்ணேன்.

அதுக்கப்புறம் ஒரு சேனல்ல உன்ன ஏரிக்கரைல உக்கார வெச்சு பேட்டி எடுத்தாங்க. ‘உங்க பேக்ரவுண்டு சொல்லுங்க ப்ரோ’ன்னு அந்தப் பொண்ணு கேட்டுச்சு. நீ ரொம்ப அமைதியா சொன்ன. ‘இது எங்க அம்மா கதை. எங்க அம்மாவோட ஸ்ருதி அஞ்சரைக் கட்டை, அதத்தான் பேரா வெச்சேன். டிவில செலக்ட் ஆனாங்க, எங்க அப்பா விடல. நான் சினிமாவுக்கு வந்ததே அந்தக் கோவத்துலதான்.’ உங்க அப்பா அத டைனிங் டேபிள்ல வெச்சு முழுசா பாத்தாரு. நான் அடுப்பு பக்கம் திரும்பி நின்னுட்டேன். முடிஞ்சதும் என்ன சொன்னாரு தெரியுமா? ‘ஏரிக் காத்து மைக்குல அடிக்குது. அந்த மைக்குக்கு பஞ்சு மாட்டச் சொல்லு. அவன் பேசறது பாதி கேக்கல.’ அவ்வளவுதான். மறுநாள் காலைல வழக்கம் போல டிபன் பாக்ஸ எடுத்துட்டு மறைமலை நகர் கம்பெனிக்கு ட்ரெயின் ஏறப் போயிட்டாரு.

இப்ப நடந்தத சொல்றேன். உனக்கு ஏழு வயசு. டிவில கீழ ஓடற எழுத்துல அந்தப் போட்டி விளம்பரத்த பாத்தது உங்க அப்பா. ஃபார்ம் வாங்கிட்டு வந்தது அவரு. பெரிய பெரிய எழுத்துல அவரேதான் நிரப்புனாரு. ‘தொழில்’னு ஒரு கட்டம் இருந்துச்சு. நான் ஹவுஸ் ஒய்ஃப்னு போடச் சொன்னேன். அவரு ‘பாடகி’ன்னு எழுதுனாரு. ‘என்னங்க இது, யாராச்சும் பாத்தா சிரிப்பாங்க’ன்னேன். ‘பாட்டுப் போட்டிக்குப் போறவ பாடகி இல்லாம டைலரா’ன்னாரு. லீவு போட்டுட்டு, வண்டில உன்ன முன்னாடி நிக்க வெச்சு, குரோம்பேட்டைல அந்தக் கல்யாண மண்டபத்துக்குக் கூட்டிட்டுப் போனாரு. நாலு மணி நேரம் வரிசை. நான் பாடுனேன், பல்லவி முடியறதுக்குள்ள போதும்மா, அடுத்த வாரம் வடபழனி ஸ்டுடியோவுக்கு வந்துடுங்கன்னுட்டாங்க. வெளிய வந்ததும் உங்க அப்பா எனக்குக் கரும்பு ஜூஸ் வாங்குனாரு, பாதி குடிக்கும்போது ‘ஐயோ, ஐஸு, தொண்ட’ன்னு புடுங்கி உனக்குக் குடுத்துட்டாரு. அந்த ஜூஸு உனக்கு ஞாபகம் இருக்கும். உனக்கு அந்த நாள்ல அது மட்டும்தான் ஞாபகம் இருக்கும்.

உங்க யாருக்கும் தெரியாதது ஒண்ணு இருக்கு. எனக்கு அடுத்து ஒரு பொண்ணு உள்ள போச்சு, தோள்ல காலேஜ் பை, தலை கூட ஒழுங்கா வாரல. நான் செருப்பு தேடிட்டு கதவு பக்கத்துலயே நின்னேன். நான் பாடுன அதே பாட்டத்தான் அதுவும் பாடுச்சு. நான் ரெண்டு தடவ மூச்செடுக்கற எடத்துல அது மூச்சே எடுக்கல. மேல போற எடத்துல நான் தொண்டைய இறுக்குவேன். அது சும்மா, பஸ் ஜன்னல்ல சாஞ்சுட்டுப் பாடற மாதிரி பாடுச்சு. அந்த செருப்ப கைல வெச்சுட்டு நின்ன ரெண்டு நிமிஷத்துல எனக்குத் தெரிஞ்சு போச்சு. எங்க தெருவுல, எங்க கோயில்ல, எங்க அசோசியேஷன் ஃபங்ஷன்ல நான்தான் பெரிய பாடகி. அங்க போனா நான் பதினாலாவது ஆளு. போய்த் தோத்துட்டா அப்புறம் நான் யாரு? போகாம இருந்துட்டேன்னு வெச்சுக்க, காலம் பூரா ‘போயிருந்தா பெரிய ஆளா ஆயிருப்பா’ன்னு ஒரு பேரு மிச்சம் இருக்கும்.

அடுத்த வாரம் அந்த நாளு உங்க அப்பா விடியறதுக்கு முன்னாடியே எழுந்து வண்டிய தொடச்சு வெளிய நிறுத்திட்டாரு. பனங்கல்கண்டு போட்டுப் பால் காய்ச்சி வெச்சாரு. நான் கெளம்பல. தொண்ட கட்டிடுச்சுங்கன்னேன். ‘கட்டலியே, நல்லாத்தான பேசற’ன்னாரு. நான் அழுதேன். காரணம் சொல்லல, அவரும் ரொம்ப நேரம் கேட்டுப் பாத்தாரு, அப்புறம் ‘சரி விடு’ன்னு வண்டிய உள்ள ஏத்திட்டாரு. சாயங்காலம் மூணாவது வீட்டு அக்கா வந்தாங்க. ‘என்னடி, இன்னைக்குத்தான ஸ்டுடியோ, போகல?’ நீ தரைல உக்காந்து ஏதோ படத்துக்குக் கலர் அடிச்சுட்டு இருந்த. உங்க அப்பா கொடில துண்டு காயப் போட்டுட்டு இருந்தாரு. என் வாயில இருந்து வந்துச்சு: ‘அவருக்குப் பிடிக்கலக்கா.’ யோசிச்சு சொல்லல. ஆனா சொன்னதும் எவ்வளவு சுலபமா இருந்துச்சு தெரியுமா? அந்த அக்கா ஒரு கேள்வி கேக்கல. ‘ம்ம், எல்லா வூட்லயும் இதே கததான்’னு சொல்லிட்டு உங்க அப்பாவ ஒரு பார்வ பாத்துட்டுப் போனாங்க. உங்க அப்பா துண்ட இன்னொரு தடவ உதறிப் போட்டாரு.

தம்பி, அந்த அக்கா வீட்ல அது நெஜம். எங்க தெருவுல எத்தன வீட்ல நெஜம்னு எனக்குத் தெரியும். ஒருத்திய தையல் கிளாஸ் போக விடல, ஒருத்திய டிகிரி இருந்தும் வேலைக்கு விடல. அவங்க நெஜமா பட்டதுனாலதான் என் பொய் அவ்வளவு சுலபமா செல்லுபடியாச்சு. அதுதான் எனக்கு இப்ப ரொம்ப உறுத்துது.

அன்னைக்கு ராத்திரி ‘கோவமாங்க’ன்னு கேட்டேன். ‘நாலு பேரு என்ன திட்டிட்டுப் போகட்டும், நீ அழாம இருந்தா சரி’ன்னாரு. அவருக்குப் பிடிக்கலன்னு சொன்னப்புறம் வேற எங்கயும் பாட முடியாதுல்ல, அப்புறம் அது எங்களுக்குள்ள ஒரு வெளாட்டாவே ஆயிடுச்சு. பொங்கல் விழாவுக்குப் பாட அசோசியேஷன்ல இருந்து கூப்பிட வருவாங்க. நான் ‘அவரயே கேட்டுக்கங்க’ன்னு சொல்லிட்டு உள்ள போயிடுவேன். உங்க அப்பா கண்ணாடிய மூக்கு நுனிக்கு எறக்கி, ‘அதெல்லாம் நம்ம வீட்டுக்குச் சரிப்படாது சார்’னு ஒரு வில்லன் குரல்ல சொல்லுவாரு. அவங்க போனதும் நாங்க ரெண்டு பேரும் அடுக்களைல நின்னு சிரிப்போம். ‘இன்னைக்கு எப்படி என் நடிப்பு?’ ‘கொஞ்சம் ஓவரு, மீச முறுக்கியிருக்க வேணாம்.’ நீ ஹால்ல ஹோம்வொர்க் பண்ணிட்டு இருப்ப. நாங்க சிரிச்சது உனக்குக் கேக்கல. அந்தக் குரல் மட்டும் கேட்டுச்சு.

நீ வளந்த. பத்தொம்போது வயசுல சினிமான்னு சொன்ன. உங்க அப்பா சொன்னது ஒரே வார்த்த, ‘டிகிரிய முடிச்சுட்டுப் போப்பா’. எல்லா அப்பாவும் சொல்றதுதான். நீ எழுந்து நின்னு, ‘அம்மாவ அடக்குன மாதிரி என்ன அடக்க முடியாது’ன்ன. உங்க அப்பா உன்ன பாக்கல, என்ன பாத்தாரு. அவ்வளவு நேரம் யாரும் என்ன அப்படிப் பாத்ததில்ல. நான் சொல்லியிருக்கணும். ‘அடுப்புல ஏதோ இருக்கு’ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டேன். அடுப்புல ஒண்ணும் இல்ல. வெறும் அடுப்பு முன்னாடி நின்னுட்டு நீ கதவ அறைஞ்சுட்டுப் போற சத்தத்த கேட்டேன். அன்னைல இருந்து நீ அவரு வேலைக்குப் போன நேரம் பாத்துத்தான் வீட்டுக்கு வர்ற.

அப்புறமும் ஒரு சந்தர்ப்பம் கெடச்சுது. படம் எழுதறப்ப நீ ஃபோன எதிர்ல வெச்சு, ‘அம்மா, அன்னைக்கு என்ன நடந்துச்சு, ஒண்ணு விடாம சொல்லு’ன்ன. ரெண்டு மணி நேரம். நீ பொறந்ததுல இருந்து யாரும் என் பேச்ச அப்படி உக்காந்து கேட்டதில்ல. உன் கண்ணு என் வாய விட்டு நகரல. அந்தப் பார்வைக்காக நான் என்ன வேணா சொல்லியிருப்பேன். சொன்னேன். ‘ஃபார்ம கிழிச்சுட்டாருடா’ன்னேன். ‘நாலா கிழிச்சாரு’ன்னேன். நாலுன்னு எண்ணிக்க எங்கிருந்து வந்துச்சுன்னு எனக்கே தெரியல. நீ அழுத. நானும் அழுதேன், எனக்கே அது நடந்த மாதிரி இருந்துச்சு.

நம்ம வீட்லயே ஷூட்டிங் வெச்ச. அந்த சீன் பேப்பர டைனிங் டேபிள் மேல விட்டுட்டுப் போயிட்ட, உங்க அப்பா படிச்சாரு. படிச்சுட்டு, கிழியாம அதே மடிப்புல மடிச்சு வெச்சாரு. மறுநாள் காலைல, அவரு வேலைக்குக் கெளம்பறதுக்குள்ள, உன் அசிஸ்டென்ட் பையன் வந்து, ‘அம்மா, ஃபாதர் கேரக்டருக்கு சட்ட சரியா அமையல, வீட்ல பழசு ஏதாச்சும் இருக்கா’ன்னு கேட்டான். உங்க அப்பா பீரோவ தெறந்து பழச எடுக்கல, நல்ல சட்டைய எடுத்துட்டு வந்தாரு. ‘கட்டம் போட்டது கேமராவுல ஆடும்னு சொல்லுவாங்க, இது பிளெயின், இத குடு’ன்னாரு. அவர கெட்டவனா காட்டற ஆளுக்கு அவரே சட்டைய இஸ்திரி போட்டுக் குடுத்தாரு தம்பி. நான் அத பாத்துட்டும் வாயத் தெறக்கல.

ஒரு தடவ ஃபோன்ல ஆரம்பிச்சேன், ‘உங்க அப்பா அவ்வளவு மோசம் இல்லடா’ன்னு. ‘நீ இப்படி விட்டுக்குடுத்து விட்டுக்குடுத்துதாம்மா அவங்க எல்லாம் இப்படி ஆனாங்க’ன்னு ஃபோன வெச்சுட்ட. அப்பத்தான் புரிஞ்சுது, நான் கட்டுன ரூம்ல நானே மாட்டிக்கிட்டேன். நல்லவர்னு சொன்னா பயந்து சொல்றேன்னு ஆகுது. சும்மா இருந்தா பொறுத்துப் போறேன்னு ஆகுது. உண்மையச் சொல்ல எனக்குன்னு ஒரு வாயே மிச்சம் இல்ல. அதான் இங்க எழுதறேன். உன் கிட்ட தனியா சொன்னா நீ நம்ப மாட்ட, நம்புனாலும் எனக்காக மறைச்சுடுவ. ஊரு முன்னாடி சொன்ன பொய்ய ஊரு முன்னாடிதான் எடுக்கணும்.

செவ்வாக்கிழமை சாயங்காலம் உங்க அப்பா கிட்ட எல்லாத்தையும் சொன்னேன், அந்தக் காலேஜ் பொண்ணு பாடுனது உள்பட. பதினேழு வருஷத்துல அத இப்பத்தான் கேக்கறாரு. ‘இத அப்பவே சொல்லியிருந்தா, பதினாலாவதா வந்தா என்ன, பதினாலாவது பாடகின்னு சொல்லிட்டுப் போயிருப்பேனே’ன்னாரு. நான் பையன் கிட்ட சொல்லப் போறேன்னதும் ஒரேயடியா வேணாம்னுட்டாரு. ‘போஸ்டர்ல உண்மைக் கதைன்னு போட்டிருக்கான். அத நீ பொய்யாக்கிடாத. இப்பத்தான் நிமிந்து நிக்கறான். இவ்வளவு வருஷம் வில்லனா இருந்துட்டேன், இன்னும் ஒரு ஞாயித்துக்கிழமை இருந்தா தேஞ்சா போயிடுவேன்?’ அப்ப நீங்க வரலியான்னேன். ‘உன்ன எறக்கி விட்டுட்டு எதிர்ல டீக்கடைல இருக்கேன். முடிஞ்சதும் ஃபோன் பண்ணு’ன்னாரு.

மொத தடவையா அவரு பேச்ச மீறறேன்.

தம்பி, படத்த மாத்தச் சொல்லல. அது நல்ல படம். எத்தனையோ வீட்டுக்கு அது நெஜம், அவங்களுக்காக அது அப்படியே இருக்கட்டும். போஸ்டர்ல இருக்கற அந்த ‘உண்மைக் கதை’ய மட்டும் எடுத்துடு. நாளைக்கு அடுத்த படம் எழுதுவ. அழுதுட்டே கத சொல்றவங்க முன்னாடி ஃபோன வெக்கறப்ப, அதே வீட்ல வேர்க்கடல உரிச்சுட்டு சும்மா உக்காந்திருக்கறவரு முன்னாடியும் ஒரு ரெண்டு மணி நேரம் வெய்யி. நீ என் மேல கோவப்படு, எத்தன நாள் வேணா பேசாம இரு. அவர் மேல வெச்சிருந்தத எடுத்து என் மேல வெய்யி, அது எனக்குச் சேர வேண்டியது. மேடைக்குக் கூப்பிட்டா வர்றேன். மைக்க குடுத்தா மொதல்ல இத சொல்றேன், அப்புறம் பாடறேன். தொண்ட இறுகும். மேல போற எடத்துல பிசிறும். தோக்கறதுன்னா அது என்னன்னு ஒரு தடவ உன் முன்னாடி நின்னு பாத்துடறேன்.

மக்களே, இப்ப உங்க கிட்ட. இத ஷேர் பண்ணுங்க, அந்த ஃபார்ம் சீன எத்தன பேருக்கு அனுப்புனீங்களோ அத்தன பேருக்கும் அனுப்புங்க. என்ன திட்டறதா இருந்தா கமெண்ட்ல திட்டுங்க, எதையும் டெலீட் பண்ண மாட்டேன். ஞாயித்துக்கிழமை எல்லாரும் வாங்க. நான் பாடுனா சும்மா கை தட்டாதீங்க, நல்லா இருந்தா மட்டும் தட்டுங்க. இன்னும் ஒரு வேல இருக்கு. ஹாலுக்கு எதிர்ல டீக்கடைல ஒருத்தரு நிப்பாரு, நரச்ச மீச, கைல ரெண்டு ஹெல்மெட்டு வெச்சிருப்பாரு. யாராச்சும் ரெண்டு பேரு போய் அந்த ஹெல்மெட்ட வாங்கிக்கிட்டு, ‘வாங்க சார்’னு சொல்லி உள்ள கூட்டிட்டு வாங்க. அவரா வர மாட்டாரு.